ஒரு நீளம், இரண்டு குட்டை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏறும்போது மட்டும், இந்த அடுக்குமாடியில் வீடு வாங்கியதற்காக என்னைத் திட்டுகிறாள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய், நடுவில் பேரன் புகுந்துவிடுவான். எனவே கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வீடு அடங்கிய பிறகு உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு என்னை ஒரு கேள்வி கேட்டான், நினைவிருக்கிறதா? "தாத்தா, நீங்கள் விசில் ஊதித்தான் அம்மாவைக் கூப்பிடுவீர்களாமே, நிஜமா?" அவன் பள்ளியில் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகம் போடுகிறார்களாம், அவனுக்கு ஏழு பிள்ளைகளில் ஒருவனான கர்ட் வேடமாம், அப்பாவான கேப்டன் விசில் ஊதியதும் ஓரடி முன்னால் வந்து பெயரைச் சொல்ல வேண்டுமாம். பின்னால் நீ சிரித்தது கேட்டது. மாப்பிள்ளை சிரித்ததும் கேட்டது. நான் "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். மெல்போர்னில் என்னைப் பற்றி என்ன கதை ஓடிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்று சாயங்காலமே அதே பெயரில் வந்த படத்தைப் போட்டுவிட்டேன். அம்மா முருங்கைக்கீரையும் முறமுமாக வந்து உட்கார்ந்தாள். "மூன்று மணி நேரமா? கீரை ஆய்ந்து முடியும்வரை பார்க்கிறேன்" என்றாள். 174 நிமிடப் படம். கீரை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு வெறும் காம்புகளை வைத்துக்கொண்டு உருவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நான் இந்தப் படத்தை முதலில் பார்த்தது 1977இல், சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தபோது. விடுதிப் பையன்கள் நாங்கள் ஐந்து பேர் வேறொரு படத்துக்குப் போய் டிக்கெட் கிடைக்காமல், பக்கத்துத் தியேட்டரில் காலைக்காட்சியாக ஓடிய இதற்குள் நுழைந்தோம். படம் வந்து பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது. பிரதியில் கோடு விழுந்திருந்தது. ஆங்கிலம் பாதிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்த முதல் காட்சி! மேகத்துக்குள்ளிருந்து மலைகள், ஏரி, பிறகு ஒரு பச்சை மேடு, அதன்மேல் கையை விரித்துச் சுழலும் ஒரு பெண். சண்டைப் படம் கேட்டு வந்த ஐந்து பேரும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தோம்.

அந்தக் காட்சியை ஹெலிகாப்டரில் இருந்து எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஹெலிகாப்டர் சுற்றித் திரும்பும்போது அதன் காற்று நாயகி மரியாவாக நடித்த ஜூலி ஆண்ட்ரூஸைப் புல்லில் தள்ளிவிடுமாம். எழுந்து, ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, மறுபடியும் தொடங்கிய இடத்துக்குப் போய் ஓடி வந்திருக்கிறார். முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளை ஓடவிட்டவன் சொல்கிறேன், இந்த இடத்தில் அவருக்கு முழு மதிப்பெண். கதை ஆஸ்திரியாவில் நடந்தாலும் அந்த மேடு அங்கே இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியின் பவேரியாவில் இருக்கிறது என்பதைப் பேரனிடம் சொல். வகுப்பில் போய்ச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது முறை உங்களோடு. 1994, உனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு. அம்பாசமுத்திரத்தில் பள்ளி மைதானத்தை ஒட்டிய வீடு. வாடகைக்கு டெக் எடுத்து வந்தோம். படம் இரண்டு கேசட். முதல் கேசட் நன்றாக ஓடியது. இரண்டாவதை உள்ளே போட்டதும் டெக் அதைத் தின்றுவிட்டது. நாடா வாழைநார் மாதிரி வெளியே வந்தது. கடைக்காரரிடம் வேறு பிரதி இல்லை. ஆக, உங்களைப் பொறுத்தவரை அந்தப் படம், மாளிகையில் விருந்து நடந்துகொண்டிருக்கும்போது, கன்னியர் மடத்திலிருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த மரியா ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் பெட்டியோடு யாருக்கும் தெரியாமல் வெளியேறுவதோடு முடிந்தது. அது இடைவேளை என்று எவ்வளவோ சொன்னேன். நீ நம்பவில்லை. "அந்த அக்கா ஏன் சொல்லாமல் போனாள்?" என்று ஒரு வாரம் அழுதாய். மீதிக் கதையை நான் சாப்பாட்டு நேரத்தில் வாயால் சொன்னேன். பாட்டுகளை மட்டும் சொல்ல முடியவில்லை.

இந்த மாதிரி அரைப்படம் பார்த்தவர்கள் நாம் மட்டுமில்லை. ம்யூனிக் நகரில் படம் வெளியானபோது கல்யாணக் காட்சிக்குப் பிறகு வரும் முழுப் பகுதியையும் வெட்டிவிட்டார்கள், நாஜிக்காரர்கள் வருவது உள்ளூரில் உறுத்தும் என்று. கல்யாணம், மணியோசை, வணக்கம். பிறகுதான் ஒட்டிக் கொடுத்தார்கள்.

அந்த முதல் கேசட்டில்தான் விசில் காட்சி இருந்தது. அன்றிலிருந்து நீயும் தம்பியும் எனக்குப் பின்னால் என்னைக் 'கேப்டன்' என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். தெரியாது என்று நினைத்தாயா? தெரு முழுக்கத் தெரியும். கேட்டவர்கள் விஜயகாந்த் படத்தை நினைத்துக்கொண்டதால் என் மானம் தப்பியது.

சரி, இப்போது மூன்றாவது முறை. 1977இல் நான் பார்த்தது மரியாவை. 1994இல் உங்கள் முகத்தைப் பார்த்தேன். இந்த முறை மூன்று மணி நேரமும் என் கண் அந்தக் கேப்டன்மேலேயே இருந்தது. அன்றைக்கு எவ்வளவு பெரிய மனிதராகத் தெரிந்தார்! நெற்றியோரம் நரை, நிமிர்ந்த முதுகு, வார்த்தையை அளந்து போடும் கண்டிப்பு. இப்போது பார்க்கிறேன், பையன். கேப்டனாக நடித்த கிறிஸ்டோபர் பிளம்மருக்குப் படம் எடுத்த 1964இல் வயது 34. மூத்த மகளாக வரும் பெண்ணுக்கு 21. பதின்மூன்று வயது வித்தியாசத்தில் அப்பனும் மகளும்! நரையெல்லாம் ஒப்பனை. பாடும்போது வருவதும் அவர் குரலில்லை, பில் லீ என்ற பாடகரின் குரல். அந்தப் படத்தையே பிளம்மருக்குப் பல வருடம் பிடிக்காது. அதன் பெயரைக் கிண்டலாக மாற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இத்தனையும் தெரிந்த பிறகும் அவர் மாடிப்படியின் அடியில் நின்று விசிலை எடுத்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, முறத்தைத் தட்டினாள்.

காட்சி உனக்கு நினைவிருக்கும். ஏழு பிள்ளைகள் மாலுமிச் சட்டையில் வரிசையாக இறங்கி வருகிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விசில் ஒலி. புதிதாக வந்த ஆசிரியை மரியாவுக்கும் ஒன்று ஒதுக்கப் பார்க்கிறார். அவள் மறுத்துவிடுகிறாள், விசிலெல்லாம் ஆடுமாடுக்குத்தான் என்கிற மாதிரி. அவர் திரும்பி நடக்கும்போது அவளே விசிலை ஊதி, உங்களைக் கூப்பிட எந்த ஒலி என்று கேட்கிறாள். தியேட்டரே சிரித்த இடம். எனக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை, அந்த ஆளுக்காக வாதாட வேண்டும் போலிருந்தது. எனவே நிஜ மனிதர் யார் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வூதியக்காரனுக்கு வேறென்ன வேலை.

நிஜக் கேப்டன் கியோர்க் ஃபான் டிராப், முதல் உலகப்போரில் ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் நீர்மூழ்கிக் கப்பல் தலைவர். போர் முடிந்ததும் பேரரசு உடைந்தது, ஆஸ்திரியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. யோசித்துப் பார், கடல் இல்லாத நாட்டில் கப்பற்படைக்காரர். மைதானம் இல்லாத பள்ளியில் என்னை ஒரு வருடம் போட்டார்களே, அந்த மாதிரி. முதல் மனைவி 1922இல் செந்நச்சுக் காய்ச்சலில் இறந்தார். ஏழு குழந்தைகள். 1926இல் மரியா அந்த வீட்டுக்கு வந்தது ஏழு பேரையும் மேய்ப்பதற்கு அல்ல. காய்ச்சல் கண்டு தேறிய ஒரு பெண்ணால் பள்ளிக்கு அவ்வளவு தூரம் நடக்க முடியவில்லை, அவளுக்குப் பாடம் சொல்லத்தான் வந்தார். மறுவருடமே கல்யாணம். அவருக்கு 47, மரியாவுக்கு 22. படம் இதையெல்லாம் 1938க்கு இழுத்து வந்து ஒரே கோடையில் முடித்துவிடுகிறது.

இப்போது என் கட்சிக்கு வலுச்சேர்க்கும் இடம், கவனமாகப் படி. அந்த மனிதர் படத்தில் வருகிற மாதிரி இறுக்கமானவரே கிடையாது. மென்மையானவர், பிள்ளைகளோடு வாத்தியம் வாசித்தவர். மரியா வருவதற்கு முன்பே அந்த வீட்டில் பாட்டு இருந்தது. உண்மையில் கோபக்காரர் மரியாதானாம். படத்தில் அப்பாவை இப்படிக் காட்டிவிட்டார்களே என்று பிள்ளைகள் வருந்தினார்கள். விசில் இருந்தது நிஜம்தான், ஆளுக்கொரு ஒலி இருந்ததும் நிஜம். ஏன் என்று மூத்த மகள் அகாத்தே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்: தோட்டம் பெரியது, குரல் எட்டாது. வரிசையில் நிறுத்தி அணிவகுப்பு நடத்தியதெல்லாம் கிடையாது.

பார்த்தாயா? நான் சொன்னதும் இதையேதான். அம்பாசமுத்திரத்து மைதானம் சின்னதா? நீங்கள் இருவரும் கடைசிப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். அங்கிருந்து வாய்க்கால் எத்தனை அடி? தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. உனக்கு ஒரு நீளம், இரண்டு குட்டை. தம்பிக்கு மூன்று குட்டை. இரண்டு பேரும் வர வேண்டுமென்றால் நீளமாக ஒன்று. இதில் என்ன ராணுவம் இருக்கிறது?

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், என் தரப்புக்குச் சாட்சி கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "தென்காசி வீட்டில் புளியமரம் எங்கே இருந்தது?"

தென்காசி வீடு. மாற்றலாகிப் போய் நான்கு வருடம் இருந்தோமே, பத்துக்குப் பத்தில் இரண்டு அறை, நடுவில் கதவுகூட இல்லாமல் ஒரு திரைச்சீலை. அம்மா அடுப்படியில் கரண்டியை வைத்தால் வாசலில் கேட்கும். அந்த வீட்டிலும் நான் ஊதியிருக்கிறேன். திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. எழுந்து இரண்டு எட்டு வைத்துக் கூப்பிட்டிருக்கலாம். பெயர் சொல்லியும் கூப்பிட்டிருக்கலாம். டிராப் வழக்கில் என் வக்கீல் வேலை இத்துடன் முடிந்தது.

அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் முழுக்க ஒப்பீடு. "சாந்தி நிலையத்தில் காஞ்சனா இதைவிட நன்றாகச் சமாளிப்பாள்" என்றாள். 1969இல் வந்த படம், இதிலிருந்து கொஞ்சம், வேறிடத்திலிருந்து கொஞ்சம் எடுத்து ஜெமினி கணேசன், காஞ்சனா, ஒரு கூட்டம் அடங்காத பிள்ளைகள் என்று நம் ஊருக்கு ஆக்கியது. அதன் ஒளிப்பதிவுக்காக மார்கஸ் பார்ட்லே தேசிய விருது வாங்கினார். 'இயற்கை என்னும் இளைய கன்னி' அதில்தான் வருகிறது. கதை நடக்கும் சால்ஸ்பர்க் மலையைப் பார்த்துக்கொண்டே அம்மா அதை முணுமுணுத்தாள். என்ன கொடுமை என்றால் சரியாகப் பொருந்தியது. திரைச்சீலையைக் கிழித்துப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கும் இடத்தில் மட்டும் அவளுக்கு மரியாமேல் மரியாதை வந்தது. "துணியை வீணாக்கவில்லை" என்றாள். கன்னியாஸ்திரிகள் நாஜிக்காரர்களின் காரிலிருந்து உதிரிப்பாகத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, தலைமைக் கன்னியாஸ்திரியிடம் நாங்கள் பாவம் செய்துவிட்டோம் என்று அங்கிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டுகிறார்களே, அதற்குக் கைதட்டினாள்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக விருந்தினர்களுக்கு விடைசொல்லி மாடிப்படியேறும் பாட்டு வந்தபோது சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். காரணம் கேட்கவில்லை. விமான நிலையத்தில் நீ தானாக நகரும் படியில் ஏறிப் போனது எனக்கும் நினைவிருக்கிறது.

நான் சொல்ல வந்த காட்சி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. படகு கவிழ்ந்து பிள்ளைகளெல்லாம் ஏரியில் விழுந்து தொப்பலாக வந்து நிற்கும் இடம். (அந்தக் கடைக்குட்டிக்கு நிஜமாகவே நீந்தத் தெரியாதாம். ஜூலி ஆண்ட்ரூஸ் அவள் பக்கம் விழுந்து தூக்கிக்கொள்வதாக ஏற்பாடு. படகு ஆடி அவர் எதிர்ப்பக்கம் விழுந்துவிட, குழந்தை தண்ணீர் குடித்துவிட்டது. எந்த நீச்சல் பயிற்சியாளரும் இதைப் படித்தால் கொதிப்பார்.) கேப்டனும் மரியாவும் சண்டை போடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளை உங்களுக்குத் தெரியாது என்று அவள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போகிறாள். இவர் பெட்டியைக் கட்டு என்கிறார். அப்போது உள்ளேயிருந்து பாட்டு கேட்கிறது. யார் என்று கேட்கிறார். பிள்ளைகள்தான் என்கிறாள்.

அவர் உள்ளே போகிறார். கூடத்துக்கு வெளியே நிற்கிறார். பிறகு வாசற்படிக்கு வருகிறார். பிள்ளைகள் அவரைக் கவனிக்காமல் பாடுகிறார்கள். அவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நடிகர் அதை அவ்வளவு சின்னதாகச் செய்திருக்கிறார். திடீரென்று அவரே அடுத்த வரியைப் பாடிவிடுகிறார். பிள்ளைகள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையைத்தான் நான் இரண்டு முறை பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அதில் சந்தோஷம் அப்புறம்தான் வருகிறது. முதலில் வருவது பயம், ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று. அப்பா பாடினால் பிள்ளைக்குப் பயம் வருகிற வீடு.

1999 நினைவிருக்கிறதா? நீ எட்டாம் வகுப்பு. இந்தப் படத்தில் வரும் 'எடல்வைஸ்' பாட்டைப் பள்ளி விழாவுக்காகப் பாட்டு டீச்சரிடம் ஒரு மாதம் பழகினாய். அதே சனிக்கிழமை மண்டல விளையாட்டுப் போட்டி. உன்னைக் கேட்காமலே 4x100 தொடர் ஓட்டத்தில் பெயரைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது ஆள் நீ. நல்லாத்தான் ஓடினாய். நாலாவது பெண்ணிடம் தடியைக் கொடுக்கும்போது நழுவவிட்டாய். நான் மைதானத்தில் ஒன்றும் சொல்லவில்லை, அதற்காக அப்போது எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பாட்டை மெதுவாக, உதடு அசையாமல், மூக்கால் பாடிக்கொண்டே வந்தாய். ஆலங்குளம் தாண்டியதும் நான் "சும்மா வா" என்றேன். நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகு வீட்டில் நீ அந்தப் பாட்டைப் பாடி நான் கேட்டதில்லை.

நீ இதை மறந்திருக்கலாம். மறந்திருந்தால் நல்லது.

அந்தப் பாட்டு ஆஸ்திரிய நாட்டுப்பண் என்று பாதி உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை. 1959இல் நியூயார்க் மேடை நாடகத்துக்காக ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுதியது, ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசையமைத்தது. ஹாமர்ஸ்டைன் எழுதிய கடைசிப் பாட்டு அதுதான், மறுவருடம் இறந்துவிட்டார். படத்தில் இரண்டு தடவை வருகிறது. முதலில் வீட்டுக் கூடத்தில் கிடாரோடு, பிள்ளைகள் நடுவில். பிறகு இசைவிழா மேடையில், முன்வரிசையில் நாஜி அதிகாரிகள் இருக்கும்போது. அங்கே அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டு பாட்டு நின்றுபோகிறது. மரியா பக்கத்தில் வந்து எடுத்துக் கொடுக்கிறாள், பிள்ளைகள் சேருகிறார்கள், கூட்டமும் சேருகிறது.

நாஜிக்காரர்களிடமிருந்து அந்தக் குடும்பம் தப்பித்த விதத்தில் படம் ஒரு பெரிய பொய் சொல்கிறது. கடைசியில் எல்லோரும் மலையேறிப் போகிறார்களே, சால்ஸ்பர்க்கிலிருந்து அந்த மலையைத் தாண்டினால் வருவது ஜெர்மனி, அதிலும் ஹிட்லரின் மலைவீடு இருந்த பக்கம்! நிஜத்தில் அவர்கள் 1938இல் இத்தாலிக்கு ரயில் ஏறினார்கள். கேப்டன் பிறந்த ஊர் போருக்குப் பிறகு இத்தாலியோடு சேர்ந்துவிட்டதால் அவர்களுக்கு இத்தாலியக் குடியுரிமை இருந்தது. அதற்கு முன்பே வங்கி மூழ்கிச் சொத்தெல்லாம் போய், பாட்டே பிழைப்பாகிவிட்டிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலில் போவதைக் காட்டினால் படம் எடுபடாது என்பது வேறு விஷயம். நான் இயக்குநராக இருந்தாலும் மலையைத்தான் வைத்திருப்பேன். இராபர்ட் வைஸுக்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் சும்மாவா கிடைத்தது? மொத்தம் ஐந்து விருது அந்தப் படத்துக்கு.

பேரனுக்குச் சில குறிப்புகள், மறக்காமல் சொல். படத்தைப் பார்த்துவிட்டு மேடையில் அதேபோல் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மூல நாடகத்தில் இடி இடிக்கும் இரவில் பாடுவது ஆடு மேய்ப்பவன் பாட்டு. படத்தில் அந்த இரவில் வரும் பாட்டு, நாடகத்தில் மடத்தில் வேறு சந்தர்ப்பத்தில் வரும். தந்தி கொண்டுவரும் பையன் படத்தில் கடைசியில் கூவிக் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்துவிடுவான், மேடையில் காட்டிக்கொடுக்க மாட்டான். மரியா கிடார்ப் பெட்டியோடு ஊருக்குள் பாடிக்கொண்டு வரும் இடத்தில் படத்தை நிறுத்தி வளைவுக்குப் பின்னால் பார்க்கச் சொல். கடந்து போகிறவர்களில் ஒருவர் நிஜ மரியா. அப்புறம், அண்ணனாக நடித்த பையன் படப்பிடிப்பு நடந்த மாதங்களுக்குள் ஆறு அங்குலம் வளர்ந்துவிட்டான். உன் மகனும் அந்த வேகத்தில்தான் போகிறான். நாடக உடையைத் தைக்கும்போது மடிப்பு விட்டுத் தைக்கச் சொல் என்று அம்மா சொல்கிறாள்.

நாடகம் நடக்கும் நாளைச் சரியாகச் சொல். மாப்பிள்ளை போனில் காட்டுவதாகச் சொன்னார். இங்கே மதியம் எத்தனை மணி ஆகும் என்று கணக்குப் போட்டு எழுது, உன் கணக்கில் நான் நம்பிக்கை வைக்கவில்லை என்று நினைக்காதே, போன முறை ஒரு மணி நேரம் மாறிவிட்டது. அவன் பாடும்போது நீயும் சேர்ந்து பாடினால் பக்கத்து இருக்கைக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்குக் கேட்கிற மாதிரி போனைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துக்கொள்.

அந்த விசில் இன்னும் இருக்கிறது. பரணில் என் பழைய கிட் பையில், ஸ்டாப்வாட்ச்சோடு கிடந்தது. பித்தளை, ஊதும் இடத்தில் என் பல் பட்ட தடம். உள்ளேயிருக்கும் கார்க் உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரில் போட்டு எடுத்து உதறினேன், விட்டுவிட்டது. படம் முடிந்து அம்மா படுத்த பிறகு பால்கனிக்குப் போய், மணி பத்தரை இருக்கும், மெதுவாக ஊதிப் பார்த்தேன். ஒரு நீளம், இரண்டு குட்டை.

மெதுவாக என்றுதான் நினைத்தேன். கீழே வாசலில் தூங்கிக்கொண்டிருந்த காவலாளி டார்ச்சைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் ஓடி வந்துவிட்டார். "என்ன சார், திருடனா?" என்றார். ஒன்றுமில்லை, மகளைக் கூப்பிட்டேன் என்று சொல்ல வந்து, பூனை என்று சொல்லிவிட்டேன்.

அம்மா பருப்புப்பொடி அனுப்புகிறாள், டப்பாவில் ஈரக்கரண்டி போடாதே.

அன்புடன்,
அப்பா